பேய்க்கதை கேட்டால் கெட்டுப் போவோமா?

(பத்தாம் வகுப்பு மாணவி, ஒதியம்பட்டு)

"பேய்க்கதை படிக்கிற பிள்ளை உருப்படுமா?" என்று கேட்காத வீடு எங்கள் வில்லியனூர்ப் பக்கத்தில் இல்லை எனலாம். பேய்ப் படம் பார்த்தால் திட்டு. கைப்பேசியில் பேய் விளையாட்டு விளையாடினால் திட்டு. நூலகத்தில் மந்திரவாதிக் கதையைக் கையில் எடுத்தால் முகச்சுளிப்பு. "கான்வென்டில் படிக்கிற பெண் இதையெல்லாம் தொடலாமா?" என்பது அதற்கு மேல் ஒரு கேள்வி. மாணவியராகிய நாங்கள் எங்களுக்குள் பலமுறை பேசிப் பார்த்து, மனத்தில் பட்டதை இவ்வாண்டு மலரின் வாயிலாகச் சொல்ல விரும்புகிறோம். பெரியவர்களை எதிர்த்துப் பேசும் எண்ணம் எங்களுக்கு எள்ளளவும் இல்லை. எங்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்டபின் தீர்ப்புச் சொல்லுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

சுருங்கச் சொன்னால் எங்கள் கருத்து இதுதான். கதையில் வரும் பேயால் எங்களுக்குக் கேடில்லை. அதை நாங்கள் விரும்பித்தான் ரசிக்கிறோம். கதையை விட்டு இறங்கி வந்து, உயிரோடிருக்கும் ஒரு பெண்ணின் தலையில் ஏற்றப்படுகிற பேய்தான் கேடு செய்கிறது. பெரியவர்கள் சிலர் முதலாவதைத் தடுப்பதில் காட்டும் கண்டிப்பை இரண்டாவதில் காட்டுவதில்லை. இந்த முறை மாறவேண்டும்.

பேய்க்கும் ஒரு பருவம்

மேல்நாடுகளில் ஆண்டுதோறும் அக்டோபர் 31ஆம் நாள் மாலையை 'ஹாலோவீன்' என்று கொண்டாடுகிறார்கள். குழந்தைகள் எலும்புக்கூடு வேடமும் சூனியக்காரி வேடமும் போட்டுக்கொண்டு வீடு வீடாகச் சென்று மிட்டாய் கேட்பார்கள். பரங்கிக்காயைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கு ஏற்றி வைப்பார்கள். அயர்லாந்தில் முன்பு டர்னிப் கிழங்கைத்தான் அவ்வாறு குடைந்தார்களாம். அமெரிக்காவில் குடியேறிய பிறகு அங்கே எளிதாகக் கிடைத்த பரங்கிக்காய்க்கு மாறிக்கொண்டார்கள். அந்த மாதம் முழுவதும் பேய் நாவல்களும் பேய்ப் படங்களும் வீடியோ விளையாட்டுகளும் வந்தவண்ணம் இருக்கும்.

இதைத் திருச்சபைக்குச் சம்பந்தமில்லாத கூத்து என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் அந்தப் பெயரே திருச்சபையின் நாட்காட்டியிலிருந்து வந்தது. நவம்பர் 1 புனிதர் அனைவர் பெருவிழா. அப்பெருவிழாவுக்கு முந்தின மாலை என்பதே ஹாலோவீன் என்னும் சொல்லின் பொருள். மறுநாள் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு நாட்டின் குளூனி மடத்துத் தலைவராயிருந்த புனித ஓடிலோ தம் மடங்களில் தொடங்கிவைத்த இறந்தோர் நினைவு நாள், பின்னர் உலகெங்கும் பரவி நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது.

புதுச்சேரியில் நவம்பர் 1 விடுதலை நாளும்கூட. 1954ஆம் ஆண்டு அந்நாளில்தான் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. ஆகவே முதல் நாள் கொடியேற்றம், இரண்டாம் நாள் கல்லறை மந்திரிப்பு என்று எங்களுக்கு அந்த வாரம் கழியும். பெரியவர்கள் கல்லறையைச் சுற்றிப் புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடிப்பார்கள். நாங்கள் சாமந்திப்பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு பின்னால் போவோம். அந்தி மயங்கும் நேரத்தில் கல்லறைத் தோட்டம் முழுவதும் மெழுகுவர்த்திகள் எரிய, சிறு பிள்ளைகள் கல்லறைகளுக்கு நடுவே ஓடிப் பிடித்து விளையாடும். அன்றைக்கு யாருக்கும் பேய்ப் பயம் வருவதில்லை. அங்கே படுத்திருப்பவர்கள் நம் தாத்தாவும் பாட்டியும் என்று தெரிந்திருப்பதால் பயம் வர இடமில்லை.

இந்து சமயத்துத் தோழியருக்கும் இப்படி ஒரு நாள் உண்டு. மாசி மாதம் மகாசிவராத்திரிக்கு மறுநாள், மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் மயானக் கொள்ளை நடைபெறும். காளி வேடம் தரித்தவர்கள் ஆடிக்கொண்டு சுடுகாட்டுக்குச் செல்வதைப் பார்க்க விழுப்புரம், புதுச்சேரிப் பக்கத்து மக்கள் குடும்பம் குடும்பமாகப் போவார்கள்.

அமெரிக்கக் குழந்தைகளுக்கு அக்டோபர் எப்படியோ, எங்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் அப்படி. அடைமழை, ஆறு மணிக்கே இருட்டு, நின்று நின்று வரும் மின்சாரம், வாய்க்காலில் தவளைச் சத்தம். பேய்க்கதைக்கு இதைவிட நல்ல பருவம் வேறு எது?

நம் முன்னோரின் பேய்கள்

பேய்க்கதை மேல்நாட்டுச் சரக்கு, சினிமாக்காரர்கள் கொண்டுவந்த கேடு என்று சொல்வது சரியன்று. தமிழ் இலக்கியத்தில் பேய்களுக்குத் தனி நாற்காலியே உண்டு. முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவர் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடும் கலிங்கத்துப்பரணியைச் செயங்கொண்டார் இயற்றினார். அதில் பாதி மேடையைப் பிடித்துக்கொள்பவை பேய்களே. காளியின் கோயிலில் பசியால் வாடிக் கிடக்கும் அவை, போர் முடிந்ததும் களத்துக்கு ஓடிக் கூழ் சமைக்கின்றன. சமைப்பதற்கு முன் பல் துலக்குகின்றன. அதற்கு யானைத் தந்தம்தான் குச்சி. நாக்கு வழிக்க யானையின் விலா எலும்பு. இதைக் கேட்டால் அருவருப்பு ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம் வருகிறது. பயத்தையும் சிரிப்பையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டும் வித்தை, இன்றைய பேய்ப் படங்களுக்கு ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்பே தமிழனுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் மாநிலத்துக் காரைக்காலுக்கு வருவோம். அங்கே ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா யாருக்கு எடுக்கப்படுகிறது? காரைக்கால் அம்மையாருக்கு. புனிதவதி என்னும் அழகிய பெண், கணவன் தன்னைத் தெய்வமென்று அஞ்சி விலகிச் சென்றபின், அவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாமென்று இறைவனிடம் பேயுருவை வேண்டிப் பெற்றார் என்று பெரியபுராணம் கூறுகிறது. தம்மைக் 'காரைக்கால் பேய்' என்றே தம் பாடல்களில் அழைத்துக்கொண்டார். அறுபத்து மூன்று நாயன்மாருள் பெண்கள் மூவர். அவருள் ஒருவர் தாமே விரும்பிப் பேயானவர். 'பேய்' என்ற சொல்லைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு இவரே சான்று.

எங்கள் தாய்மார் காலத்துக்கு வந்தால், விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டு வேதாளம் கதை சொன்ன அம்புலிமாமாவை மறக்க முடியுமா? 1947இல் தொடங்கிய அவ்விதழில், முருங்கை மரத்திலிருந்து பிணத்தைச் சுமந்து வரும் மன்னனின் படத்தை ஓவியர் சங்கர் வரைந்தார். அந்த இதழ் இன்று வெளிவருவதில்லை. ஆனால் அந்தப் படம் எங்கள் அம்மாமாரின் கண்ணில் இன்னும் நிற்கிறது. அந்த வேதாளம் யாரையும் கடித்துத் தின்னவில்லை. கதை சொல்லிவிட்டு நியாயம் எது என்று கேள்வி கேட்டது. சுடுகாட்டில் நடந்த நீதிபோதனை வகுப்பு என்றே அதைச் சொல்லலாம். 1990களின் இறுதியில் இந்திரா சௌந்தர்ராஜனின் 'விடாது கருப்பு' தொலைக்காட்சியில் வந்தபோது தெருவே அடங்கிக் கிடந்ததாக அம்மாமார் சொல்கிறார்கள். அவர்கள் கெட்டுப் போகவில்லை. எங்களை வளர்த்து ஆளாக்கியிருக்கிறார்கள்.

பயந்து மகிழ்வது எப்படி?

பயம் துன்பமாயிற்றே, அதில் மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். அறிவியல் பாடத்தில் அட்ரினலின் சுரப்பைப் பற்றிப் படிக்கிறோம். ஆபத்து என்று மூளை அறிவித்ததும் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் தயாராகிறது. பேய்க்கதை கேட்கும்போதும் இதே மாற்றங்கள் நடக்கின்றன. ஆனால் பக்கத்தில் தங்கை உட்கார்ந்திருக்கிறாள், கையில் வறுத்த வேர்க்கடலை இருக்கிறது, கதவு தாழிட்டிருக்கிறது என்பதும் நமக்குத் தெரிந்திருக்கிறது. உடல் பயப்பட, மனம் அதை வேடிக்கை பார்க்கிறது. ராட்டினம் கீழே இறங்கும்போது அலறிக்கொண்டே சிரிக்கிறோமே, அதுபோல.

டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தார் பேய் வீடு போல் அமைத்த கேளிக்கை அரங்கு ஒன்றுக்கு வந்த 110 பேரின் இதயத் துடிப்பை அளந்து, 2020இல் தம் முடிவை வெளியிட்டனர். பயம் மிகக் குறைந்தபோதும் மகிழ்ச்சி இல்லை. மிக அதிகமானபோதும் இல்லை. நடுவே ஓர் அளவில்தான் மகிழ்ச்சி உச்சத்தை எட்டியது. சாம்பாரில் உப்பைப் போலத்தான் பயமும். அளவை அறிந்துகொள்வதே இதில் கற்கவேண்டிய பாடம்.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரு நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. சங்கராபரணியில் வெள்ளம் புரண்டது. அந்த இருட்டில் எங்களை வாட்டியது உண்மையான பயம். தண்ணீர் வாசற்படி ஏறுமா, கூரை நிற்குமா என்று பெரியவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கைப்பேசியும் அணைந்து போனபின், "ஆயா, ஒரு கதை சொல்லேன்" என்று கேட்ட பிள்ளைகள் எங்களில் பல பேர். ஆயாக்கள் சொன்னது பெரும்பாலும் முனி கதையும் மோகினி கதையும்தான். புயலுக்குப் பயந்திருந்த தம்பி தங்கைகள் கொஞ்ச நேரம் முனிக்குப் பயந்தார்கள். முனி கதையில் முடிவு உண்டு. புயலுக்கு எப்போது முடிவு என்று யாருக்கும் தெரியாது. முடிவு தெரிந்த பயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, முடிவு தெரியாத பயத்தைத் தாண்டினோம்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அதன் சாம்பல் வானத்தை மறைத்ததால், 1816இல் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஓயாத மழையால் ஜெனீவா ஏரிக்கரை வீட்டில் அடைபட்டிருந்த நண்பர் குழுவில், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று கவிஞர் பைரன் சொன்னார். அக்குழுவில் இருந்த மேரி என்னும் பெண்ணுக்கு அப்போது வயது 18. அவள் எழுதத் தொடங்கிய கதை 1818இல் 'பிராங்கென்ஸ்டைன்' என்னும் நாவலாக வெளிவந்தது. தான் படைத்த உயிரைக் கைவிட்ட ஒருவனின் கதை அது. இன்றும் அறிவியல் வளர்ச்சியைப் பற்றி விவாதிப்போர் அந்த நாவலின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. "பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று அவளை யாராவது அடக்கியிருந்தால் உலகம் ஒரு பெரிய நூலை இழந்திருக்கும். எங்களைவிட மூன்று வயதுதான் மூத்தவள் அவள்.

வீடியோ விளையாட்டுக்கும் ஒரு வார்த்தை. 2017இல் வெளிவந்த 'கிரானி' என்னும் கைப்பேசி விளையாட்டை அறியாத மாணவி வகுப்பில் அரிது. ஒரு கிழவியின் வீட்டில் அடைபட்டவர் ஐந்து நாட்களுக்குள் தப்பிக்க வேண்டும். ஒரு பொருள் கீழே விழுந்து சத்தம் கேட்டால் போதும், கிழவி வந்துவிடுவாள். பதறினால் தோற்போம். மூச்சை அடக்கி, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று நிதானமாக யோசித்தால் பிழைப்போம். பொதுத் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு இந்த நிதானம் கசக்குமா?

பெரியவர்கள் சொல்வதில் உள்ள உண்மை

எங்கள் பக்கத்தை மட்டும் பேசுவது முறையாகாது. பெற்றோர் கவலையில் நியாயம் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்குக் கதை எது, நடப்பு எது என்று பிரித்தறியத் தெரியாது. நமக்குச் சிரிப்பாக இருக்கும் காட்சி ஐந்து வயதுத் தம்பியைப் பல நாள் தூங்கவிடாது. அவனை மடியில் வைத்துக்கொண்டு பேய்ப் படம் பார்ப்பது கொடுமை. இதற்காகவே 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி திரைப்படத் தணிக்கைச் சான்றில் 'யு/ஏ' வகையை 7 வயது, 13 வயது, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். படம் தொடங்கும் முன் திரையில் தோன்றும் அந்தச் சான்றிதழைப் படித்துப் பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. இனி படிப்போம். ரத்தத்தையும் சித்திரவதையையும் மட்டுமே காட்டும் படங்களைப் பற்றியும் நாங்கள் பரிந்து பேச வரவில்லை. அவற்றில் கதை இல்லை, கசாப்புதான் இருக்கிறது.

நள்ளிரவு வரை கைப்பேசியோடு விழித்திருப்பதும் தவறுதான். ஆனால் அந்தத் தவறு பேயுடையதன்று. கைப்பேசியில் சமையல் பார்த்து விழித்திருந்தாலும் மறுநாள் கணக்கு வகுப்பில் தூக்கம் வரும்.

விசுவாசத்துக்கு இழுக்கல்லவா என்று அருட்சகோதரியர் கேட்கக்கூடும். இறந்தோரை அழைத்துக் குறி கேட்பதைத் திருச்சபை தடை செய்கிறது. எழுத்துப் பலகையில் காசை நகர்த்தி ஆவியை அழைப்பதாகச் சொல்லும் விளையாட்டை நாங்களும் தொடுவதில்லை. தொடுகிற தோழியைத் தடுக்கிறோம். ஆனால் கதை கேட்பது ஆவியை அழைப்பதாகாது. இரவில் கடல்மீது நடந்து வந்த இயேசுவைப் பார்த்துச் சீடர்களே பேயென்று அலறியதை மத்தேயு நற்செய்தி மறைக்காமல் எழுதியிருக்கிறது. பயந்ததற்காக அவர் அவர்களைத் தள்ளிவிடவில்லை. அருகில் வந்து தைரியம் சொன்னார்.

இங்கே சகோதரியருக்கு ஒரு செய்தி. 2018இல் 'தி நன்' என்றொரு ஆங்கிலப் பேய்ப் படம் வந்தது. கன்னியர் உடை அணிந்த பேய் ஒன்று ரொமேனியா நாட்டு மடம் ஒன்றில் உலவுவதாகக் கதை. அதன் முன்னோட்டத்தைப் பார்த்து உலகமே நடுங்கியதாம். எங்களுக்கோ சிரிப்புத்தான் வந்தது. அதே போன்ற உடையில் காலை வழிபாட்டுக்கு மணியடிப்பவரையும், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பவரையும் அன்றாடம் பார்க்கிறவர்களை அந்தப் படம் எப்படிப் பயமுறுத்தும்? பழகிய இடத்தில் பேய்க்கு வேலையில்லை என்பதை அன்று புரிந்துகொண்டோம். அந்தப் படத்திலும் பேயை எதிர்த்து நிற்பது ஓர் இளம் துறவிப் பெண்தான் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

தலையில் ஏற்றப்படும் பேய்

இனி நாங்கள் முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருகிறோம். தமிழ்ப் பேய்க்கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். பேயாக வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதிலும் அநியாயமாகச் செத்தவர்கள். 2005இல் வந்த 'சந்திரமுகி'யில் மன்னன் எரித்துக் கொன்ற நடனப்பெண். 2011இல் வந்த 'காஞ்சனா'வில் நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை. 2014இல் வந்த 'அரண்மனை'யில் வஞ்சகமாகக் கொல்லப்பட்ட பெண். உயிரோடிருந்தபோது யாரும் காது கொடுக்காத பேச்சை, செத்தபின் பேயாகி வந்து உரக்கப் பேசுகிறார்கள். பயந்துகொண்டே பார்த்தாலும், படம் முடியும்போது எங்கள் அனுதாபம் பேயின் பக்கம்தான்.

இதற்கெல்லாம் மூத்தவள் பழையனூர் நீலி. காரைக்கால் அம்மையார் பாடிய திருவாலங்காட்டை அடுத்தது பழையனூர். கணவனால் கொல்லப்பட்ட பெண், மறுபிறப்பில் அவனைத் தேடி வந்து பழிவாங்கினாள் என்பது கதை. அவள் வடித்த கண்ணீரை நம்பி வாக்குக் கொடுத்த வேளாளர் எழுபது பேர், சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்கினார்கள். இன்றும் பெண் அழுதால் "நீலிக் கண்ணீர் வடிக்காதே" என்கிறோம். நீலியின் பொய்க் கண்ணீரைப் பழமொழியாக்கி வைத்திருக்கிறோம். அவள் கொலையுண்டதை ஏன் மறந்துவிட்டோம்? அவள் முதலில் வடித்தது பொய்க் கண்ணீர் இல்லையே!

கதையில் இருக்கும்வரை இது சிந்திக்க வைக்கிறது. வாழ்க்கைக்கு வந்தால் என்ன ஆகிறது? ஒரு பெண் திடீரென்று மயங்கி விழுகிறாள், பேசாமல் வெறித்துப் பார்க்கிறாள், சாப்பிட மறுக்கிறாள், காரணமின்றி அழுகிறாள் என்றால், நம் கிராமங்களில் இன்னும் சில வீடுகளில் முதலில் வரும் சொல் 'பேய் பிடித்திருக்கிறது' என்பதுதான். உச்சி வெயிலில் புளியமரத்தடியில் போனாளா, தலையை விரித்துப் போட்டிருந்தாளா என்று அவளையே குற்றவாளியாக்குகிறார்கள். வேப்பிலை அடி, மிளகாய்ப் புகை, உடுக்கைச் சத்தம் எல்லாம் அதன் பிறகு. அவளுக்கு வலிப்பு நோய் இருக்கலாம்; மனச்சோர்வு இருக்கலாம்; யாரிடமும் சொல்ல முடியாத துயரம் இருக்கலாம். 'உனக்கு என்னம்மா கஷ்டம்?' என்று கேட்பதற்குள் பேய் என்று பெயர் வைத்துவிட்டால் அவள் வாய் மூடிப்போகிறது.

இந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலை இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. அங்கிருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின. வழிபாட்டால் குணமாகும், பிடித்தது விலகும் என்று நம்பிக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்கள் பலர் அவர்களுள் இருந்தார்கள். எந்தப் பேய்ப் படத்திலும் இதைவிடப் பயங்கரமான காட்சி இல்லை. இது கதையன்று என்பதுதான் பயங்கரம்.

அதன்பின் நாடு விழித்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தடை செய்கிறது. நமக்குப் பக்கத்திலேயே ஜிப்மர் மருத்துவமனையில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. 14416 என்னும் எண்ணை அழைத்தால் மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி கிடைக்கும், கட்டணம் இல்லை. இவற்றை ஊருக்கு எடுத்துச் சொல்வது படித்த பிள்ளைகளாகிய எங்கள் கடமை.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுக்கப் பேய்ப் படமே உதவி செய்திருக்கிறது. 'சந்திரமுகி'யில் கங்கா என்னும் பெண்ணைப் பிடித்தது பேய் இல்லை, அது மனநோய் என்று கண்டுபிடிப்பவர் ஒரு மனநல மருத்துவர். சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கும் மேல் ஓடிய படம் அது. அதற்கு மூலமான மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்' 1993லேயே இதைச் சொல்லிவிட்டது. கொள்ளிவாய்ப் பிசாசு என்று எங்கள் தாத்தாமார் ஏரிக்கரையில் கண்டு ஓடிய வெளிச்சமும், சதுப்பில் மட்கும் பொருள்களிலிருந்து எழும் வாயு எரிவதால் வருவது என்று அறிவியலார் விளக்கம் தருகின்றனர். பேய்க்கதையில் ஊறியவளுக்கு 'இதன் பின்னால் என்ன இருக்கிறது?' என்று கேட்கும் பழக்கம் தானாக வருகிறது. கதையின் கடைசிப் பக்கம் வரை போனவள் அவள். முதல் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டு ஓடியவர்களுக்குத்தான் பேய் கடைசிவரை பேயாகவே நிற்கிறது.

எங்கள் வேண்டுகோள்

பெற்றோரே, சகோதரியரே, எங்களிடமிருந்து பேய்க்கதையைப் பிடுங்காதீர்கள். எங்களோடு உட்கார்ந்து கேளுங்கள். எது நல்ல கதை, எது வெறும் கசாப்பு என்று பிரித்துக் காட்டுங்கள். பள்ளி நூலகத்தில் வேதாளக் கதைகளுக்கும் பிராங்கென்ஸ்டைனுக்கும் ஓர் அடுக்கு ஒதுக்கித் தாருங்கள். மழை விடுமுறை நாட்களில் ஆயாக்களிடம் ஊர்க்கதைகளைக் கேட்டு எழுதி வரும்படி எங்களுக்கு ஒரு போட்டி வையுங்கள். எழுதி வைக்காவிட்டால் ஒதியம்பட்டு முனியும் சங்கராபரணி மோகினியும் அந்த ஆயாக்களோடு போய்விடுவார்கள்.

தோழியரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பில் ஒருத்தி பேசாமல் ஒதுங்கி இருந்தால், 'இவளுக்கு ஏதோ பிடித்திருக்கிறது' என்று கிசுகிசுக்க வேண்டாம். பக்கத்தில் போய் உட்காருவோம். ஆசிரியையிடம் சொல்வோம். அவள் அம்மாவிடம் மருத்துவரைப் பார்க்கச் சொல்வோம். வரும் கல்லறைத் திருநாளில் நம் உறவினருக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போது, ஏர்வாடியில் இறந்த அந்த 28 பேருக்காகவும் ஒன்று ஏற்றுவோம். அவர்களில் யாரும் பேய் இல்லை, நோயுற்ற மனிதர்கள். எங்கள் கருத்தில் குறையிருப்பின் பெரியோர் எடுத்துச் சொல்ல வேண்டுகிறோம், திருத்திக்கொள்ளக் காத்திருக்கிறோம்.